மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தப் பேண்டு செட்டில் வந்து நின்றுவிடுகிறது. "ராமநாதபுரத்து மாஸ்டரை ஞாபகமிருக்கா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் அவருடைய மீசையைச் சொல்வார். மற்றொருவர் அந்தச் சிவப்புக் கோட்டையும் தோளில் தொங்கிய மஞ்சள் குஞ்சத்தையும் சொல்வார். கிளாரிநெட்டை வானத்தைப் பார்த்துத் தூக்கி அவர் ஒரு இழுப்பு இழுத்தால் மாப்பிள்ளை ஏறி வந்த குதிரையே நின்று கேட்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. குதிரை நின்றதை நான் பார்த்ததில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நின்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் எல்லோருக்கும் மாஸ்டரை ஞாபகமிருக்கிறது. அவருக்கு நேர் பின்னால், இரண்டாவது வரிசையில், தனக்குப் பெரிதாக இருந்த கோட்டின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு கிளாரிநெட்டோடு நின்றவரை ஒருவருக்கும் ஞாபகமில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "அப்படி ஒருத்தர் நின்னாரா?" என்கிறார்கள்.

நின்றார். அவர் என் தாய்மாமா.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. வெள்ளைக்காரன் போய், ஜமீனும் போய், சில வருஷம் ஆகியிருந்த காலம். என் அப்பா, நாங்கள் அய்யா என்று கூப்பிடுகிறவர், ராமநாதபுரத்தில் ஒரு மிளகாய் மண்டியில் நிறுவைக்காரராக இருந்தார். எங்கள் வீடு மண்டிக்குப் பின்பக்கம். பங்குனி, சித்திரையில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்தும் அபிராமத்துப் பக்கமிருந்தும் வண்டி வண்டியாகக் குண்டு மிளகாய் வந்து இறங்கும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே தும்மிவிடுவார்கள். எங்களுக்குத் தும்மல் வராது. அந்த நெடி துணியில், தலைமுடியில், பள்ளிக்கூடப் பையில் எல்லாம் ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். பகலில் வேலை இருந்தால் மண்டியில் சாக்குத் தைப்பார். முகூர்த்த நாளென்றால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கோட்டு கலைந்துபோன ஏதோ ஒரு ஜமீன் பேண்டிலிருந்து வந்தது. முன்னால் அதைப் போட்டிருந்த ஆள் நல்ல உடம்புக்காரராக இருந்திருக்க வேண்டும். அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தும் மாமாவுக்கு அது தொளதொளவென்றுதான் இருந்தது. பித்தளைப் பொத்தான்களைப் புளியும் சாம்பலும் போட்டு நான் தேய்த்துக் கொடுப்பேன். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் கொடியில் காயும் அந்தக் கோட்டின் முதுகில் வேர்வை காய்ந்து உப்புக் கோடு கோடாக இருக்கும். பாச்சா உருண்டையும் வேர்வையும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது ஒரு பழைய பெட்டியைத் திறந்தால் வந்துவிடுகிறது.

வீட்டில் அவரால் வாசிக்க முடியாது. மூச்சை ஆழமாக இழுத்தால் நெடி நெஞ்சில் ஏறி இருமல் வந்துவிடும். அதனால் சாயங்காலம் தண்ணீர் வற்றிக் கிடக்கும் கண்மாய்க் கரைக்குப் போய், பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வாசித்துவிட்டு வருவார். வீட்டில் இருக்கும்போது குழலில் விரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பார். சாவிகள் தட்டும் சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்கும்.

ஊதும் வாயில் வைத்துக் கட்டும் அந்தச் சின்ன நாணல் சீவலை ரீடு என்பார்கள். கொழும்பிலிருந்து ரயிலும் கப்பலுமாகத் தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் யாராவது வாங்கிவந்து கொடுத்தால்தான் உண்டு. மாமா அதை ஒரு தம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு மாடத்தில் வைத்திருப்பார். ஒரு நாள் அய்யா தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தவர், "எவ இதுல குச்சியப் போட்டது?" என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் கொட்டிவிட்டார். மாமா எழுந்துபோய்க் குனிந்து தேடினார். கோழி கிளறிய மண்ணுக்குள்ளிருந்து அதை எடுத்து, ஊதிப் பார்த்து, துடைத்து, மறுபடி தண்ணீரில் போட்டார்.

"அதுக்குக்கூட ஒரு வார்த்தை கேக்க மாட்டான் பாரு ஒந்தம்பி" என்றார் அய்யா அம்மாவிடம். "வாயில்லாப் பூச்சி. இவனெல்லாம் எதுக்கு ஊதுற தொழிலுக்குப் போனான்?"

மாமா சிரித்தார். "ஊதுறதுக்குப் பேச வேணாமுல்ல மச்சான், அதுக்குத்தான்."

"பின்னால நின்னு ஊதுறவன எவன் பாக்குறான் மாப்ள?"

"பாக்க எதுக்கு? காதுல விழுந்தாப் போதாதா?"

அய்யாவின் பார்வையில் மாமா பிழைக்கத் தெரியாதவர். அம்மாவின் பார்வையில் ஏமாந்தவர். அந்தக் கோடையில் இருவர் எண்ணமும் மாற வேண்டியதாயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். சண்டைக் காலத்தில் பட்டாளத்துப் பேண்டில் வாசித்தவர். நடை, நிற்பது, தண்ணீர் குடிப்பது எல்லாமே விறைப்பாக இருக்கும். மனைவி இல்லை. கீழக்கரையில் கல்யாணம் வாசித்துவிட்டு வந்தால் ஓலைப் பெட்டியில் தொதல் கொண்டுவருவார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அந்த இனிப்பு விரலில் ஒட்டிக்கொண்டு விடாது. கொஞ்ச நாளாக அவர் எங்கள் வாசலில் வந்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்று மாமாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மிளகாய் நெடி சேரவில்லை போல என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சித்திரையில் மாரியூர்க் கோவில் திருவிழாவுக்கு அம்மா நேர்ந்திருந்தாள். சாயல்குடி வரை பஸ், அப்புறம் மாட்டு வண்டி. அந்த வருஷம் ஒரு நாள் செலவை ஏற்ற மண்டகப்படிக்காரர் ஒருவர் எங்கள் பேண்டையே ஏற்பாடு செய்திருந்தார். காலையில் சாமி கிளம்பிக் கடற்கரைப் பக்கமாகப் போயிற்று. வலை காயப்போட்டிருந்த மணல். கருவாட்டு வாசனையோடு உப்புக் காற்று. பிள்ளைகள் எல்லோரும் மாஸ்டர் முகத்தைப் பார்க்க முன்பக்கம் முண்டியடித்தார்கள். என்னை யாரோ இடித்துப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான் மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாமாவுக்கு ஓரமாக நடந்தேன்.

மணலில் நடந்துகொண்டே ஊதுவது லேசு இல்லை. பெரிய டிரம்காரருக்கே மூச்சு இரைத்தது. பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கன்னம் உப்பிற்று. சத்தம் என் காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பிக் கடலைப் பார்த்துப் போயிற்று. நான் முன்னால் போய் மாஸ்டரைப் பார்த்தேன். அவருடைய விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிளாரிநெட் வானத்தைப் பார்த்து உயர்ந்திருந்தது. கன்னம் மட்டும் வற்றிப்போய் ஒட்டியிருந்தது. அவர் ஊதவே இல்லை. கூட்டம் அவரைப் பார்த்துத் தலையாட்டியது. மண்டகப்படிக்காரர் வந்து அவர் தோளில் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினார். மாஸ்டர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பின்னால் மாமா நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் என்னைத்தான் அதட்டினாள். அப்புறம் மாமா சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டாள்.

"ஏலே தம்பி, இவ என்னமோ சொல்றாளே, மெய்யா?"

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"மாஸ்டருக்கு மூச்சிழுப்பு வந்துருச்சுக்கா. நடந்துக்கிட்டு ஊத முடியல. மெதுவான இடத்துல அவரு வாசிப்பாரு. ஏறுற இடத்துல நான் எடுத்துக்கிருவேன்."

"எத்தன நாளா?"

"அது ஆச்சு, போன வருசத்துல இருந்து."

"அப்ப ஊரே அவரு வாசிப்புன்னு சொல்றது ஒன்னோட வாசிப்பா?"

"யாரு வாசிப்பா இருந்தா என்னக்கா? மாஸ்டருக்கு முடியலன்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் கூப்புட மாட்டான். செட்டுல அத்தன பேருக்கும் புள்ள குட்டி இருக்கு."

"பட்டுத் துண்டு அவருக்கு, உப்புப் பூத்த கோட்டு ஒனக்கா?"

மாமா மறுபடி சோற்றைப் பிசைந்தார். "வெளிய சொல்லிராதக்கா. நீயும் சொல்லிராத தாயி" என்று என்னிடமும் சொன்னார்.

அம்மா வெளியில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாஸ்டர் வந்தால் காப்பி வராது. தொதல் கொடுத்தால் வாங்கிச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க மாட்டாள். எறும்பு வருவதற்குள் நான் எடுத்துத் தின்றுவிடுவேன். மாஸ்டருக்குப் புரிந்ததோ இல்லையோ, வழக்கம்போல "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

அந்தச் சமயத்தில்தான் அபிராமத்திலிருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மண்டிக்கு மிளகாய் கொண்டுவரும் ஒரு பெரியவர், சம்சாரி. நிதானமான மனிதர். எதையும் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்துத்தான் பேசுவார். அவருக்கு ஒரே பெண். எங்கள் குடும்பத்தைப் பிடித்திருந்தது. பையன் என்ன செய்கிறான் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"பேண்டுல வாசிக்கிறான்" என்றார் அய்யா.

"என்ன வாசிக்கிறாக?"

"கிளாரிநெட்டு."

"அது மாஸ்டருல்ல வாசிக்கிறாரு?"

"இவன் கூட நின்னு வாசிக்கிறான்."

"கூட நின்னா?" பெரியவர் யோசித்தார். "வைகாசியில எங்க பங்காளி வீட்டுக் கல்யாணம் அபிராமத்துல வருது. ஒங்க செட்டுக்குத்தான் வெத்தலை பாக்கு குடுத்துருக்கு. நீங்களும் குடும்பத்தோட வாங்க. பையனையும் பாத்துக்கிறோம், வாசிப்பையும் கேட்டுக்கிறோம்."

அவர் போனதும் அம்மா அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஒற்றை அறை. சுவரில் வாத்தியங்கள் ஆணியில் தொங்கின. யூகலிப்டஸ் தைல வாசனை. மாஸ்டர் கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை முறுக்காமல் தொங்கியது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எங்களைக் கண்டதும் எழுந்து சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்ட பிறகுதான் "வாங்க தாயி" என்றார்.

அம்மா உட்காரவில்லை. "அண்ணே, சுத்தி வளைக்கல. அபிராமத்துக் கல்யாணத்துல அந்த ஒரு நாளைக்கு எந்தம்பிய முன்னால நிக்க விடுங்க. அவனுக்கு ஒரு வாழ்க்கை அமையணும்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நான் எங்க தாயி புடிச்சு வச்சிருக்கேன்? நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். அவன்தான் நிக்க மாட்டேங்கிறான்."

"முன்னால நிக்க வேணாம்னு யாராச்சும் சொல்லுவாகளா அண்ணே?"

"அவன்கிட்டயே கேளுங்க."

திரும்பி வரும்போது அம்மா வேகமாக நடந்தாள். "வாய் கூசாமச் சொல்றாரு பாரு" என்றாள். வீட்டில் மாமாவிடம் கேட்டபோது, அவர் சாக்குத் தைக்கும் ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டே, "அத விடுக்கா" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு அது போதும். மாஸ்டர் பயமுறுத்தி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள்.

வைகாசியில் அபிராமம் போனோம். பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. பெண்களெல்லாம் ஒரு மச்சு வீட்டு மேல்தளத்தில் ஏறி நின்றோம். எங்கள் பக்கத்தில் பெரியவரின் மனைவி. அவளுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண். கிளிப்பச்சைத் தாவணி. தலை குனிந்து நிற்பாள் என்று நினைத்தேன். அவள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக் கீழே உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேண்டு தெருமுனை திரும்பியது. முன்னால் மாஸ்டர், மீசையை முறுக்கி, குஞ்சம் ஆட, ராஜா மாதிரி வந்தார். சாயங்கால வெயில் பித்தளையில் பட்டுக் கண் கூசியது. நாங்கள் நின்ற மச்சு வீட்டு முன்னால் நின்று ஒரு பாட்டு வாசித்தார்கள். நடுவில் கிளாரிநெட் தனியாக ஏறிய இடத்தில் தெருவே அடங்கிவிட்டது. முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் மாஸ்டருக்கு மாலை போட்டார்கள்.

பெரியவர் மேலே ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்னா வாசிப்பு. காது குளுந்து போச்சு" என்றவர், அம்மாவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீக. ஒங்க தம்பி பின்னால சும்மா வாயில வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "அதை வாசிச்சது எங்க மாமாதான். மாஸ்டரு வெரலத்தான் ஆட்டுனாரு."

பெண்கள் சிரித்தார்கள். "மாமா மேல எம்புட்டுப் பிரியம் பாரு" என்றாள் ஒருத்தி. அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் காலை தாலி கட்டு முடிந்ததும் எங்களையும் பேண்டுக்காரர்களையும் தன் வீட்டுக்குப் பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டார். முற்றத்தில் பெரிய வேப்பமரம். அதன் நிழலில் பாய் விரித்திருந்தது. மாஸ்டருக்கு மட்டும் கயிற்றுக் கட்டில். சாப்பிட்டு முடிந்ததும் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"நேத்து இந்தப் புள்ள ஒரு வார்த்தை சொல்லுச்சு. மெய்யா பொய்யான்னு எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு. தம்பி, எங்களுக்காகத் தனியா ஒண்ணு வாசிங்க. கேப்போம்."

மாமா அய்யாவைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுந்தார். எல்லோரும் கீழே உட்கார்ந்து அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். மறுபடியும் நனைத்துக்கொண்டார். குழலை வாயில் வைத்து ஊதியபோது தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஒரு கீச்சொலி வந்து நின்றது. திரும்ப முயன்றார். காற்றுத்தான் வந்தது. நெற்றியில் வேர்வை துளித்துளியாக நின்றது. சாவிகள் தட்டுவது மட்டும் கேட்டது. வீட்டுக்குள்ளே யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அய்யா தரையைப் பார்த்தார்.

"சரி தம்பி, விடுங்க" என்றார் பெரியவர். அவர் குரலில் ஏளனம் இல்லை. "காப்பி ஆறுது. குடிங்க."

அப்போது மாஸ்டர் கட்டிலிலிருந்து எழுந்தார். தன் கிளாரிநெட்டை எடுத்துக்கொண்டார். மெதுவாக நடந்து வந்து மாமாவுக்கு முன்னால், எங்களுக்கு முகத்தைக் காட்டி நின்றார். அவர் உயரத்துக்கும் அகலத்துக்கும் மாமா முழுதாக மறைந்துபோனார். மாஸ்டர் குழலை வாயில் வைத்தார். பின்னால் பார்க்காமலே, "ஆரம்பி" என்றார்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது வந்தது. சினிமாப் பாட்டு இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது நிதானமாக வாசிப்பார்களே, அது. தாழ்வாகத் தொடங்கி, எங்கேயும் அவசரப்படாமல், ஒவ்வொரு இடமாக நின்று நின்று மேலே போயிற்று. முந்தின நாள் தெருவில் கேட்டதைவிட அன்றைக்கு நன்றாக இருந்தது. டிரம் இல்லை, கூட்டம் இல்லை, வேப்பமரத்தில் காக்கை மட்டும். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினார்.

பாட்டு நன்றாக ஏறிய இடத்தில் மாஸ்டர் குழலை வாயிலிருந்து எடுத்தார். மெதுவாகக் கீழே இறக்கித் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்தில் நிற்பது போல நிமிர்ந்து, எங்களுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு நிற்கவில்லை.

செட்டில் டிரம்பெட் வாசிப்பவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எங்கெங்கோ போய்விட்டு, இறங்கி வந்து, முடித்தார். கண்ணைத் திறந்தபோதுதான் மாஸ்டரின் கையில் தொங்கிய குழலைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர் இது?" என்றார்.

"ஒண்ணுமில்ல. கை வலிச்சுச்சு" என்றார் மாஸ்டர்.

அப்புறம் பெரியவரைப் பார்த்து, நின்று நின்று மூச்சு வாங்கிச் சொன்னார். "அய்யா, ஒங்க ஊருல நேத்து மாலை வாங்குனது நான். வாசிச்சது இவன். எனக்கு மூச்சு ஏறல. இவனுக்கு ஆளுக மொகத்தப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிரும். சின்னதுல இருந்தே அப்படித்தான். முன்னால நிறுத்திப் பாத்துட்டேன், அழுதுருவான். நான் நின்னா அவனுக்கு வாசிப்பு வரும். அவன் வாசிச்சா எனக்குச் சோறு வரும். இதுல ஏமாத்து இருந்தா அது என்னைச் சேரும்."

பெரியவர் வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து ஒடித்தார். அய்யா பக்கம் திரும்பி, "வாசிப்பு மெய்தான். நாலு பேரு மொகத்தப் பாக்க முடியாத ஆளு நாளைக்குக் குடும்பத்த எப்படிங்க நடத்துவாக?" என்று கேட்டார்.

அய்யா இப்படிப் பேசுவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "அவன் எங்க வீட்டுலதாங்க இத்தன வருசமா இருக்கான். நான் அவன எம்புட்டோ பேசியிருக்கேன். ஒரு நாளும் அவன் கோவிச்சுக்கிட்டுச் சோத்துத் தட்டுல இருந்து எந்திரிச்சதில்ல, எம்பொண்டாட்டிகிட்ட என்னையப் பத்தி ஒரு கொறை சொன்னதில்ல. குடும்பம்னா அதுதானங்க?" என்றார். சொல்லிவிட்டு, தான் அதிகம் பேசிவிட்டது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நிலைப்படியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. அவள் தன் அம்மாவிடம்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அந்தப் புள்ள நேத்துச் சொன்னது மெய்தாம்மா. மச்சுல இருந்து நானும் பாத்தேன். மாஸ்டரு கன்னம் உப்பவே இல்ல."

பெரியவர் திரும்பினார். "அத ஏந்தாயி நேத்தே சொல்லல?"

"என்னைய யாரு கேட்டாக?"

பெரியவர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. அப்புறம்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "சரி, இப்பக் கேக்குறேன். என்ன சொல்ற?" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் மாமாவுக்கு ஆறிப்போன காப்பிக்குப் பதிலாகச் சூடான காப்பி வந்தது. ஆவணியில் கல்யாணம். அன்றிலிருந்து அவள் எனக்கு அத்தை.

அபிராமத்திலிருந்து திரும்பிய வாரமே அம்மா ஒரு செம்பில் சுக்கும் திப்பிலியும் போட்டுக் கொதிக்க வைத்து, மூடி, மாஸ்டர் வீட்டுக்குத் தானே எடுத்துப் போனாள். அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. மண்டி நெடி அவள் கண்ணை ஒன்றும் செய்யாது.

விஷயம் ஊருக்கு ஊர் பரவிற்று. முதுகுளத்தூரில் ஒரு கல்யாணக்காரர் வேறு செட்டைக் கூப்பிட்டுக்கொண்டார். செட்டில் எல்லோருக்கும் பயம்தான். மாமா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் கீழக்கரையிலிருந்து வயதான மரைக்காயர் ஒருவர், பேரன் கல்யாணத்துக்குப் பேச, மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். மாமாவும் அங்கே இருந்தார். அவர்தான் வந்து சொன்னார். மாஸ்டர் முதலிலேயே எழுந்து, "மரைக்காயர், நான் இப்ப ஊதுறதில்ல, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாராம். அதற்கு அவர், "தெரியும் மாஸ்டர். எம் மகன் நிக்காஹுக்கு நீங்க முன்னால நடந்தீங்க. இன்ஷா அல்லாஹ், பேரனுக்கும் நீங்கதான் நடக்கணும். ஊதுறது ஆரா இருந்தா எனக்கென்ன? நல்லா ஊதட்டும்" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டை நீட்டினாராம்.

அதன் பிறகும் மாஸ்டர் முன்னால்தான் நடந்தார். கையில் குழல் இருக்கும், வாயில் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது. சில சிறுவர்கள் அதற்கப்புறம் மாமாவையும் எட்டிப் பார்த்தார்கள். அவர் உடனே மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் இன்னும் நெருங்கிக்கொள்வார்.

சில வருஷத்தில் ஒரு மழைக்காலத்தில் மாஸ்டர் போய்விட்டார். பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்காமல் நடந்தார்கள். அதற்கப்புறம் மாமா முன்னால் நின்று பார்த்தார், ஒரே ஒரு கல்யாணத்தில். முடியவில்லை. பிறகு பெரிய பித்தளைக் குழலை வயிற்றைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பருத்த மனிதர் ஒருவரை முன்னால் நடக்கவிட்டுச் சமாளித்தார்கள். ஆனால் அந்த மனிதர் நடுவில் தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே இருப்பாராம், மாமாவுக்கு அது ஒத்துவரவில்லை. மெல்ல மெல்லக் கல்யாணங்களில் ரேடியோ செட்டும் ரிக்கார்டும் வந்தன. செட்டு கலைந்தது. மாமா அபிராமத்துக்கே போய் மாமனாரின் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். ஊதுவதை விட்டுவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

எனக்குக் கல்யாணமாகி, மூத்தவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு மாலை அபிராமத்துக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். வேலிப் படலைத் திறக்கும்போதே கிளாரிநெட் கேட்டது. அத்தை வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி, முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே ஒரு முக்காலியில் மாமா. நரைத்துவிட்டார். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். முறம் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது.

எத்தனையோ வருஷம் கழித்து அவர் முகத்தைப் பார்க்கப்போகிறேன் என்ற ஆசையில் நான் அத்தையைத் தாண்டி உள்ளே போகக் காலை எடுத்து வைத்தேன். அத்தை நிமிராமலே என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கன போகாத. மொகத்தப் பாத்தா நிறுத்திப்புடுவாக. இங்கன எம்பக்கத்துல உக்காரு."

நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். மாமா எங்கள் இரண்டு பேர் முதுகுக்கும் பின்னால் வாசித்துக்கொண்டே இருந்தார்.